ஜெசிந்தாவுக்கு நான் கொடுத்த நண்டு ரசம்

போன மாதம் நான் ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் வைத்து. பட்டப்பகலில். நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர்கள் என்று ஆறேழு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஆயுதம் – ஒரு பிளாஸ்க் நண்டு ரசம்.

இந்தப் பக்கத்தில் வாராவாரம் நான் யாரையாவது திட்டுகிறேன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. ரோடு போடுகிறவர்கள், போட்ட மறுநாளே அதைத் தோண்டுகிறவர்கள், டோக்கன் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள்... எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள். இந்த வாரம் என்னைத்தான் திட்ட வேண்டும். விஷயத்தைச் சொல்கிறேன். பிறகு நீங்களும் சேர்ந்து திட்டலாம்.

ஜெசிந்தா எங்கள் பக்கத்துத் தெரு. தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்த கடற்கரைப் பிள்ளை. வயது முப்பதைத் தாண்டவில்லை. புருஷன் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் வேலை பார்க்கிறான். போனால் எப்போது வருவான் என்று காற்றுக்குத்தான் தெரியும். வீட்டில் மாமியார் ரெஜினா அக்காவும், பத்து மாதப் பெண் குழந்தையும்.

ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு நண்டு கம்பெனியில் ஜெசிந்தா எட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். நண்டை ஆவியில் வேகவைத்து, ஓட்டை உடைத்து, சதையை எடுத்து, டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். சதையைச் சிதைக்காமல் முழுசாக உருவுவதில் அவள் கைக்கு அந்தக் கம்பெனி ஹாலில் இணை கிடையாது. நண்டோடு நாள் முழுக்கக் கிடந்துவிட்டு வருவதால் வீட்டில் நண்டுக் குழம்பு வைத்தால் தொடமாட்டாள். அலுத்துவிட்டது என்பாள்.

அவளுக்கு ஒன்றரை வருஷமாக இழுப்பு. சாயங்காலம் கம்பெனி வேன் இறக்கிவிட்ட இடத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பாள். நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற சத்தம் நமக்கே கேட்கும். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடுவாள். குறையும். மறுநாள் மறுபடி வரும்.

எங்கள் ஊரில் சளி, இருமல், இழுப்பு – மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். நண்டு ரசம். சின்ன நண்டுகளை ஓட்டோடு இடித்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டிச் சூடாகக் குடிக்க வேண்டும். ஒருத்திக்கு மூச்சு இழுக்கிறது என்று தெரிந்தால் நாலு வீட்டிலிருந்து தம்ளர் வரும். நான் நாசரேத்தில் பிறந்தவள். கணக்கு டீச்சராக இந்த ஊருக்கு வந்து இங்கேயே ரிட்டயர் ஆனவள். வந்த புதிதில் அந்த வாடைக்கே ஓடுவேன். இப்போது என் ரசத்துக்குத் தெருவில் தனி மரியாதை உண்டு.

மருமகளுக்காக ரெஜினா அக்கா விடியக்காலையில் கரைக்குப் போய் உயிர் நண்டாகப் பார்த்து வாங்கி வருவாள். ஜெசிந்தா குடிப்பாள். குடித்த கொஞ்ச நேரத்தில் மூக்கு ஒழுகும், கண் கலங்கும், முகம் சிவந்துபோகும். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று சந்தோஷப்படுவோம்.

“சளி இளகுது பாத்தியாளா!”

இதுதான் எங்கள் சாட்சி. மூக்கு ஒழுகுகிறதே, மருந்து வேலை செய்கிறது! அப்படித்தானே நீங்களும் நினைப்பீர்கள்?

போன மாதம் ஒரு சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவள் நடக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் மூக்கில் மூடி வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். மறுநாள் காலையில் தெளிந்து உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள்கூட.

குழந்தையைப் பார்க்க ரெஜினா அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன், ரசம்கூட வைத்துக் கொண்டுவந்துவிட்டேன் என்று அனுப்பிவைத்தேன்.

பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்தாள். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

“டீச்சர், உதடு என்னவோ மாரி இருக்கு.”

“மிளகு கொஞ்சம் தூக்கல். குடிளா.”

டீச்சர் சொன்னால் கேட்கிற பிள்ளை. இன்னும் ஒரு மடக்கு குடித்தாள்.

பத்து நிமிஷம் இருக்காது. கழுத்தில் திட்டுத் திட்டாகத் தடித்தது. உதடு இரண்டும் வீங்கியது. கண் இமை மூடிக்கொண்டது. என் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நான் கத்திய கத்தலில் டாக்டரம்மா ஓடிவந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார். நர்ஸிடம் ஏதோ சொல்லி, ஊசியை வாங்கி, சேலையோடு சேர்த்துத் தொடையில் குத்தினார்.

ஜெசிந்தாவுக்கு மூச்சு திரும்பியது. எனக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது.

டாக்டரம்மா சாத்தான்குளம் பக்கத்துப் பெண். என் கடைசி மகளைவிடச் சின்னவர். பிளாஸ்கை எடுத்து மோந்து பார்த்தார். யார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

“டீச்சர்னு சொல்லுதீங்க. எது அவ மூச்ச அடைக்குதோ அதையே வடிகட்டிக் கொண்டாந்து குடுத்திருக்கீங்களே.”

முப்பது வருஷம் நின்றபடியே பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். நின்றபடி திட்டு வாங்கியது அன்றுதான்.

அப்புறம் அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஜெசிந்தாவிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒன்றரை வருஷமாக எங்களில் ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி. எப்போது இழுக்கிறது என்று கேட்கவில்லை. எப்போது நன்றாக இருக்கிறாய் என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பேன் என்றாள். பிள்ளை பெற்று நாலு மாதம் வீட்டில் இருந்தபோது இழுப்பே இல்லை என்றாள். மீன்பிடித் தடைக்காலத்தில் சரக்கு வராமல் கம்பெனி லீவு விட்டால் சுகமாக இருக்கும் என்றாள்.

இது மூன்றும் எங்களுக்குத் தெரியும்! தெரிந்து என்ன செய்தோம்? ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்தால் கோயிலுக்குப் போய் வந்த ஆசீர்வாதம் என்றோம். பிள்ளை பெற்றால் உடம்பு கழிந்து சுத்தமாகிவிடும் என்றோம். தடைக்காலம் கோடையில் வருகிறது, வெயிலுக்குச் சளி காய்ந்துவிட்டது என்றோம். மூன்றுக்கும் மூன்று காரணம் வைத்திருந்தோம். மூன்று சமயத்திலும் அவள் கம்பெனிக்குப் போகவில்லை என்கிற ஒரே காரணம் மட்டும் கண்ணில் படவில்லை. நான் கணக்கு டீச்சர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. நானும் ரெஜினா அக்காவும் ஜெசிந்தாவோடு போயிருந்தோம். டாக்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே நான் வாங்கிப் பார்த்தேன். ஐஜிஇ என்று போட்டு, பக்கத்தில் எண் கறுப்பாகத் தடித்திருந்தது. இருக்க வேண்டிய அளவைவிட எத்தனையோ மடங்கு. இது ஒரு வகை ஆன்டிபாடி என்று லேப் பையன் சொன்னான்.

எனக்கு ஒரே சந்தோஷம். ரெஜினா அக்காவிடம் சொன்னேன், மருமகளுக்கு எதிர்ப்பு சக்தி ஏகப்பட்டது இருக்கிறது, பயப்படாதே என்று.

ஏன் சொன்னேன்? கொரோனா நேரத்தில் நானும் ஒரு டெஸ்ட் எடுத்தேன். ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்தது. என்னவோ நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை மாதிரி அதைத் தெருவெல்லாம் காட்டினேன். ஆன்டிபாடி என்றால் நல்லது, நிறைய இருந்தால் ரொம்ப நல்லது – அன்றைக்குப் பதிந்தது இது. அதன் பிறகு டீத்தூள், பிஸ்கட், சத்துமாவு, கஷாயப் பொடி என்று எதை எடுத்தாலும் அட்டையில் ‘எதிர்ப்பு சக்தி’ என்றுதானே போட்டிருக்கிறான்? யாரை எதிர்க்கிற சக்தி என்று ஒருத்தனாவது போட்டானா? நாமாவது கேட்டோமா?

உள்ளே போனதும், டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கினார். எனக்குப் புரிந்தவரை என் பாஷையில் சொல்கிறேன்.

ஆன்டிபாடி என்பது ஒரு ஆள் இல்லையாம். ஐந்து வகை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, நிற்கிற இடம் வேறு. நான் தெருவுக்குக் காட்டிய ஐஜிஜி நிதானமான பேர்வழி. கிருமி வந்து சில நாள் கழித்துத்தான் பெருகும். ஆனால் அதன் முகத்தை மறக்காது, நீண்ட நாள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு முன்னாலேயே ஓடிவருவது ஐஜிஎம். டெங்குக் காய்ச்சலுக்கு ரத்தம் கொடுத்தவர்கள் ரிப்போர்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து பேர் கைகோத்த மாதிரி உருவமாம் அதற்கு. அது இருந்தால் பெரும்பாலும் சண்டை இப்போதுதான் நடக்கிறது என்று அர்த்தம். ஐஜிஜி மட்டும் இருந்தால் பழைய சண்டை.

“அப்பம் இவளுக்கு இருக்கது?” என்றாள் ரெஜினா அக்கா.

ஐஜிஇ. ரத்தத்தில் இருப்பதிலேயே கொஞ்சமாக இருக்க வேண்டியது இதுதான். வயிற்றுப் புழு மாதிரி உள்ளே வந்து ஒட்டிக்கொள்கிற பெரிய ஜீவன்களை விரட்டுவதற்காக இருப்பது. தோலிலும் மூக்கிலும் நெஞ்சிலும் இருக்கிற சில செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு காத்திருக்கும். எதிரி தொட்டதும் அந்த செல்லுக்குள் இருக்கிற சரக்கு முழுவதும் வெளியே கொட்டும். மூக்கு ஒழுகும், தோல் தடிக்கும், மூச்சுக்குழாய் சுருங்கும். எல்லாம் அந்நியனை வெளியே தள்ளுவதற்கான ஏற்பாடு. ஜெசிந்தா உடம்பில் அது நண்டை எதிரி என்று முடிவு செய்துவிட்டது. எட்டு வருஷம் அந்த ஆவியைச் சுவாசித்ததில் வந்த முடிவு. நண்டின் அந்தப் புரதம் கொதித்தாலும் அழியாதாம். ஆவியோடு காற்றில் கலந்து நெஞ்சுக்குள் போய்விடும்.

ஆக, சளி இளகுகிறது என்று நாங்கள் கைதட்டியது எதற்கு? அவள் உடம்பு ‘காப்பாற்று’ என்று கத்தியதற்கு.

ஜெசிந்தா நம்பவில்லை. பால்குடி மறந்த நாளிலிருந்து நண்டு தின்று வளர்ந்தவளுக்கு அது எப்படித் திடீரென்று சேராமல் போகும் என்று கேட்டாள். அப்படித்தான் போகும், எந்த வயதிலும் வரும் என்றார் டாக்டர். அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“எம்புள்ளைக்கு இந்த எழவு பால்ல போயிருக்குமா டாக்டர்?”

இதற்கு அவர் பதில் சொன்ன விதத்துக்காகவே, என்னைத் திட்டியதை மன்னித்துவிட்டேன். வயிற்றில் இருக்கும்போது நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளைக்குப் போவது ஐஜிஜிதான். பிறந்த முதல் சில மாதம் பிள்ளை அம்மாவின் அந்தச் சொத்தில்தான் ஓடும். தாய்ப்பாலில் நிறையப் போவது ஐஜிஏ என்ற இன்னொரு வகை. கண்ணீர், எச்சில், மூக்கு, குடல் என்று உடம்பின் வாசல்களில் சத்தம் போடாமல் காவல் நிற்பது அது. இந்த ஐஜிஇ அந்த வழியில் பிள்ளைக்குப் போய் உட்காராது. ஒவ்வாமை வருகிற தன்மை குடும்பத்தில் ஓடலாம், அதை மறைக்கமாட்டேன், கவனமாகப் பார்த்துக்கொள். ஆனால் பாலை மட்டும் நிறுத்தாதே என்றார்.

ஐந்து என்றீர்களே, நாலுதானே வந்திருக்கிறது என்றேன். வாத்தியார் புத்தி. ஐஜிடி என்று ஒன்று இருக்கிறது, அதன் வேலை முழுசாக இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டர்! எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

அடுத்து அவர் சொன்னதுதான் யாருக்கும் பிடிக்கவில்லை. நண்டைத் தொடக் கூடாது. வீட்டில் நண்டு வேகக் கூடாது. அந்த ஹாலுக்குள் இனி காலே வைக்கக் கூடாது. அடுத்த முறை ஊசி கிட்டத்தில் இல்லாவிட்டால் பிழைப்பது நிச்சயமில்லை.

“எனக்கு வேற வேல தெரியாதே டாக்டர்” என்றாள் ஜெசிந்தா. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

வெளியே வந்ததும் ரெஜினா அக்கா ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். “நல்ல நண்டாப் பொறுக்கிப் பொறுக்கி நானா டீச்சர் எம்மருமவளுக்கு வெசம் குடுத்தேன்?” என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “நீங்க குடுத்ததுல சாவல மாமி. டீச்சர் குடுத்ததுலதான் பாதி செத்தேன்” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு அது சிரிப்பு மாதிரி இல்லை.

ரெஜினா அக்கா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்போடு செய்தாள், தெரியாமல் செய்தாள். என் கோபமெல்லாம் கம்பெனி மேல் போனது. அந்த ஹாலில் நாள் முழுக்க ஆவி. அதை வெளியே இழுக்க உருப்படியாக ஒரு ஃபேன் இல்லை. யாராவது இருமினால் வீட்டில் போய் கஷாயம் குடி என்று சொல்வார்களாம்.

மறுநாள் ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனேன். எங்கள் நாசரேத் ஆள்தான். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடற்கரைப் பிள்ளைக்கு நண்டு சேராது என்றால் யார் நம்புவார்கள் என்றார். முடியாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்றார்.

நான் கத்தினேன். எட்டு வருஷம் இந்தக் கையை வைத்துத்தானே உன் டப்பா கப்பல் ஏறியது என்று கேட்டேன். பேப்பரில் எழுதுவேன் என்றேன். அவர் வாட்ச்சைப் பார்த்தார். கத்துகிறவர்களைக் கையாள்வது மேனேஜர்களுக்குச் சுலபம். கத்தி முடிக்கும்வரை காத்திருந்தால் போதும்.

நான் முடித்ததும் ஜெசிந்தா எழுந்தாள். ஹாலைப் பார்த்திருந்த கண்ணாடிச் சன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மேனேஜரையும் வந்து பார்க்கச் சொன்னாள்.

நானும் போய்ப் பார்த்தேன். நீளமான ஸ்டீல் மேசைகள். இரண்டு பக்கமும் பெண்கள், தலையில் தொப்பி, கையில் உறை. ஒருத்தி கை ஈரமாக இருப்பதால் தோளில் மூக்கைத் துடைத்தாள். அடுத்த மேசையில் ஒருத்தி இருமினாள். கோடியில் ஒருத்தி கண்ணை முழங்கையால் தேய்த்தாள். பழகிப்போன வேலை மாதிரி அதையும் செய்துகொண்டிருந்தார்கள்.

மேனேஜர் ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். பிறகு, “சளி... சீசன்லா” என்றார்.

“சளின்னா ஞாயித்துக்கெழமயும் இருக்கணும்லா சார்” என்றாள் ஜெசிந்தா. “இவளுவட்ட கேட்டுப் பாருங்க. ஞாயித்துக்கெழம ஒருத்தியும் இரும மாட்டா.”

அவ்வளவுதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. மேனேஜர் சன்னலை விட்டு நகரவில்லை. டீ ஆறிப்போனது. கடைசியில் என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார், திங்கட்கிழமையிலிருந்து அட்டைப்பெட்டி ஒட்டுகிற கட்டடத்துக்குப் போ என்று. அது காம்பவுண்டின் மறுகோடி. ஆவி எட்டாத இடம். அப்புறம் டாக்டரம்மா பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஹாலில் இருக்கிற மற்றப் பெண்களையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்வதாகவும், ஆவியை வெளியே இழுக்க ஃபேன் மாட்டுவதாகவும் சொன்னார். சொன்னார் என்றுதான் எழுதுகிறேன். மாட்டினால், மாட்டினார் என்று எழுதுவேன்.

ஜெசிந்தா பெட்டி ஒட்டுகிறாள். சதை உருவுகிற கை, பசை தடவுகிறது. பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பிடிக்கவில்லை என்றாள். ஆனால் வேனிலிருந்து இறங்கினால் எங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்கு நடந்து வருகிறாள். நான் வாசலில் நின்று பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும்.

வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டில் ஒருத்தருக்கு ஓயாமல் உடம்பு படுத்துகிறது என்றால், என்ன கொடுக்கலாம் என்று ஓடாதீர்கள். என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று முதலில் பாருங்கள். டாக்டரிடம் போங்கள். கணக்கு டீச்சரிடம் போகாதீர்கள்.

ரெஜினா அக்கா வீட்டில் இப்போது நண்டு வேகுவதில்லை. ஆனால் அவளுக்கு நண்டு இல்லாமல் முடியாது. சனிக்கிழமை காலையில் மருமகள் வேன் ஏறியதும், மாற்றுச் சேலையைப் பையில் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். ஆசை தீரச் சாப்பிடுகிறாள். சோப்புப் போட்டுக் குளிக்கிறாள். பல் தேய்க்கிறாள். சேலையை மாற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று வாயைத் திறக்கிறாள்.

“மோந்து பாரு டீச்சர். வாடை அடிக்கா?”

இத்தனை வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பிறகு எனக்குக் கிடைத்திருக்கிற புது உத்தியோகம் இதுதான் – ஒரு மாமியாரின் வாயை மோந்து பார்த்து, மருமகளிடம் போகலாம் என்று பாஸ் போடுவது!